விருந்தாளிக் கை

தூத்துக்குடியில் துறைமுகச் சாலையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளி மச்சாது காம்பவுண்டு என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே ஜெசிந்தா என்கிற பெண், வீட்டுக்குள் மட்டுமே கற்க முடிகிற ஒரு சீனச் சண்டை முறையை, கப்பலில் இருந்த தன் கணவரிடமிருந்து போன் வழியாகக் கற்றுக்கொண்டாள். அவள் கற்றதால் எங்கள் காம்பவுண்டுக்கு ஒருவர் வந்து சேர்ந்தார். வந்தவருக்கு உடம்பு இல்லை என்பதை நாங்கள் ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

முற்றத்தைச் சுற்றி வீடுகள், நடுவில் ஓர் அடிபம்பு, குறுக்கும் நெடுக்குமாகத் துணிக்கயிறுகள், அவ்வளவுதான் எங்கள் காம்பவுண்டு. எங்கள் வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே ஜெசிந்தாவின் வாசல் இருந்ததால், நான் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பாமலே பல மாலைகளை அந்த வாசலைப் பார்த்துக் கழித்திருக்கிறேன்.

அவள் கணவர் டெரன்ஸ் சரக்குக் கப்பலின் எஞ்சின் அறையில் வேலை பார்த்தார். கல்யாணம் முடிந்த கையோடு கப்பலேறியவர், அதன் பிறகு லீவுக்கு வந்தபோதெல்லாம் சொந்த வீட்டுக்கு விருந்தாளியாகத்தான் வந்தார். செருப்பை யார் காலிலும் படாதபடி சுவரோரமாக ஜோடி சேர்த்து வைப்பார். நாற்காலியின் நுனியில் உட்காருவார். தாகம் எடுத்தால் சமையலறை வாசலில் நின்று, "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்று கேட்பார். ஜெசிந்தாவும் லேசுப்பட்டவள் அல்ல. பூப்போட்ட பீங்கான் தட்டை அலமாரியிலிருந்து இறக்கிக் கழுவி, சீலா மீனின் நடுத்துண்டை அதில் வைத்து, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை சுவரோடு சுவராக நிற்பாள். இரண்டு பேரும் கூச்சக்காரர்கள். பெட்டியைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் அடுக்கலாமா என்று அவர் யோசித்து முடிப்பதற்குள் லீவு முடிந்துவிடும். அவர் கப்பலிலிருந்து கூப்பிடும்போது "சாப்டீங்களா?", "சாப்ட்டேன். நீ சாப்ட்டியா?" என்பதற்கு மேல் பேச்சு நகராமல், இருவரும் போனைக் காதில் வைத்தபடி ஒருவர் பக்கத்துக் காற்றை மற்றவர் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

அப்படியிருக்கையில் டெரன்ஸின் கப்பலுக்கு லின் என்ற சமையல்காரர் வந்தார். டெரன்ஸின் வயதுதான், சீனாவின் தென்கடற்கரைக்காரர். அவர் குடும்பத்தில் விருந்தாளிக் கை என்று ஒரு முறை இருந்தது. அதை மைதானத்தில் ஆட முடியாது, மேடையில் காட்ட முடியாது. ஒரு கதவு வேண்டும், ஒரு நாற்காலி வேண்டும், குடிக்க ஒரு பாத்திரம் வேண்டும், அந்த வீட்டில் குடியிருக்கிற ஒருவரும் வெளியிலிருந்து வருகிற ஒருவரும் வேண்டும். அந்த வீட்டுக்குள் வந்து போனவர்களைத் தவிர வேறு யாரும் பார்த்திராததால் அது உலகத்தில் அவ்வளவு அபூர்வமாக இருந்தது.

அந்த முறைக்கு இரண்டு பாதிகள். வீட்டுக்காரப் பாதியில் முதலில் கதவு திறத்தல்: இரண்டு மணிக்கட்டுகளும் வெளிப்பக்கமாகத் திரும்பும், பார்த்தால் 'வாருங்கள்' என்பதுபோல் இருக்கும், ஆனால் முகத்துக்கு நேராக வருகிற குத்து அதில் வழுக்கி ஓரமாகப் போய்விடும். பிறகு குடை வாங்கல், வந்தவரின் முன்கையைப் பிடித்து இடுப்புக்குக் கீழே இழுத்துவிடுவது. பிறகு இருக்கை நகர்த்தல், குதிகாலுக்குப் பின்னால் காலைக் கொடுத்து ஆளை அலுங்காமல் உட்காரவைப்பது. பிறகு கிண்ணம் நீட்டல். கடைசியாக வழியனுப்புதல்: இரண்டு உள்ளங்கைகளும் வந்தவரின் நெஞ்சில் படிந்து அவரை வாசலுக்கு வெளியே விட, கதவு மூடும். விருந்தாளிப் பாதி இதற்கெல்லாம் எதிர்ப்பாட்டு. கடைசிவரை இருவரும் சரியாகச் செய்தால் ஒருவருக்கும் அடிபடாது. ஒருவர் மரியாதையில் தவறினால் மற்றவருக்கு மூக்கு உடையும்.

"கப்பல்காரனுக்கு விருந்தாளிப் பாதிதான் வரும். வீடு இல்லாதவனுக்கு மற்றது எப்படி வரும்?" என்று லின் சொன்னாராம். ஆகவே டெரன்ஸ் தன் பாதியைக் கப்பலின் சாப்பாட்டு அறையில், தரையோடு முடுக்கி வைத்த நாற்காலிகளுக்கு நடுவே கற்றுக்கொண்டார். மற்ற பாதியை, சிறுவயதில் வீட்டில் இருந்தபோது கற்றிருந்த லின் செய்துகாட்ட, வீடியோ எடுத்து, தன் குரலில் தமிழில் விளக்கம் சொல்லி, ஜெசிந்தாவுக்கு அனுப்பினார்.

கால்விரல்களால் தரையைக் கவ்வி, முழங்கால்களை உள்ளே ஒடுக்கி நிற்பதுதான் முதல் பாடம். ஜெசிந்தா அந்த நிலையில் நின்றபடி வெங்காயம் உரித்தாள், மீன் செதிள் சுரண்டினாள், சோறு வடித்தாள். கெண்டைக்கால் கட்டிக்கொண்டு வாசற்படி இறங்க முடியாமல் போனபோது தேங்காய் எண்ணெயைக் காய்ச்சித் தேய்த்துக்கொண்டாள். அவளுடைய மாமியார் ரெஜினா மத்தியானத் தூக்கத்திலிருந்து எழுந்து வந்து பார்த்தபோது மருமகள் காலி நாற்காலிக்கு எதிரே கையைத் திருப்பித் திருப்பி வீசிக்கொண்டிருந்தாள்.

"என்னட்டி இது? ஈ ஓட்டுதியா?"

"உங்க மகன்தான் மாமி சொல்லிக்குடுக்காவ. சீனத்துச் சண்டையாம்."

"அவன் கப்பல்ல எஞ்சினப் பாக்கானா, ஒனக்குக் கூத்துப் படிச்சுக் குடுக்கானா? யாரோடட்டி சண்டை போடப்போற?"

ஜெசிந்தா கொஞ்சம் யோசித்தாள். "அவுகளோடதான்."

ரெஜினா மாமி கட்டிலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து "முழங்கை இறங்குது பாரு", "அந்த ஆளு வீடியோல இம்புட்டுக் குனியலியே" என்று திருத்தம் சொல்கிற வேலையை அவராகவே எடுத்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டுப் போன் அழைப்புகள் மாறிப்போயின. போனை மிக்ஸியில் சாய்த்து வைத்துவிட்டு அவள் இங்கே கிண்ணத்தை நீட்டுவாள். கடலுக்கு நடுவே எங்கேயோ அவர் அதை வாங்குவார். சிக்னல் அறுந்து படம் உறைந்துபோனாலும் அவள் நிறுத்துவதில்லை. மிச்சத்தை அவர் எப்படிச் செய்வார் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. எந்தத் தோள் முன்னால் வரும், எப்போது மூச்சு விடுவார், கிண்ணத்தை வாங்குமுன் எப்படித் தயங்குவார் என்பதெல்லாம் தெரிந்து, அந்தத் தயக்கத்துக்கும் இடம் விட்டே அவள் கையை நீட்டினாள்.

கடைசிப் பாடத்தில்தான் சிக்கல் வந்தது.

"கதவை மூடணும் ஜெசி," என்றார் டெரன்ஸ் போனில். "மூடாட்டி முறை முடியாதுன்னு லின் சொல்லுதான்."

"மூஞ்சிக்கு நேரயா?"

"ஆமா. அதுதான் மரியாதையாம். விருந்தாளி போயாச்சு, இனி அவன் வழி அவனுக்குன்னு அர்த்தமாம்."

ரெஜினா மாமி கட்டிலிலிருந்து எழுந்தே விட்டார். "ஏல டெரன்சு! கடலுக்குப் போறவன் முதுகுக்குப் பின்னால கதவை மூடுவாளால ஒரு பொம்பள? ஒங்கப்பா போனப்ப, கப்பல் கடல்பாறையத் தாண்டிட்டுன்னு ஆள் வந்து சொல்லுத வரைக்கும் கதவைத் தெறந்து போட்டுக்கிட்டு மழையில நனைஞ்சுக்கிட்டு நின்னவ நான். போன்னு சொல்லுத வாயி நம்ம வீட்டுல கெடையாது, அந்தச் சீனாக்காரன்கிட்ட சொல்லு."

அது எங்கள் காம்பவுண்டு முழுக்கத் தெரிந்த வழக்கம்தான். கடலுக்குப் போகிறவர் உள்ள எந்த வீட்டிலும் அப்படித்தான். ஜெசிந்தா ஒரு பக்கம் லின்னையும் மறு பக்கம் மாமியாரையும் நினைத்துப் பார்த்து, கடைசி அடவைக் கொஞ்சம் மாற்றிக்கொண்டாள். உள்ளங்கைகளை நெஞ்சில் வைத்துத் தள்ளுவதற்குப் பதிலாகத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள். கதவைத் திறந்தபடி விட்டாள். வாயால், "போயிட்டு வாங்க," என்று சொன்னாள். லின்னிடம் இதை யாரும் சொல்லவில்லை.

அப்படி அவள் ஆட ஆட, கச்சான் என்கிற மேல்காற்று ஓய்ந்த ஒரு மாலையில், எதிரே இருந்த பிரம்பு நாற்காலியின் இருக்கை மெல்லக் கீழே அமுங்கியது. ஜெசிந்தா கருப்பட்டிக் காப்பியை நீட்டினாள். டம்ளர் அவள் கையிலிருந்து போய், காற்றில் சற்றுத் தயங்கி, மேசையின் மேல் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. மாமி கட்டிலிலிருந்தபடியே, "இனிப்பு போதுமான்னு கேளுட்டி," என்றார்.

அடுத்த நாள் பக்கத்து வீட்டு சண்முகவடிவு அக்கா தோசைமாவுப் பாத்திரத்தோடு அங்கே போய், அதை நாற்காலியில் வைக்கப் பார்த்தபோது, ஏதோ ஒன்று பாத்திரத்தைப் பதமாக வாங்கி மேசைக்கு நகர்த்தியது. அக்கா சேலைத் தலைப்பை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "ஆள் இருக்காவன்னு சொல்லக் கூடாதா?" என்று மாமியைக் கோபித்துக்கொண்டாள்.

"டெரன்சு எடம் அது," என்றார் மாமி. "எடம் மட்டும் முன்னால வந்திருக்கு. ஆள் லீவு கெடச்சதும் வருவான்."

இந்த விளக்கம் எல்லாருக்கும் போதுமானதாக இருந்தது. வந்தவுக என்று நாங்கள் அவருக்குப் பெயர் வைத்தோம். கையால் தொட்டால், ஆள் உட்கார்ந்திருக்கிற அளவுக்குக் காற்று கெட்டியாக, மண்பானையின் வயிற்றைப் போலக் குளிர்ச்சியாக இருந்தது. பக்கத்தில் போனால் டீசலும் இஞ்சியும் கலந்த வாசனை அடித்தது. "போயிட்டு வாங்க" என்று சொல்லித்தான் ஜெசிந்தா அனுப்பினாள் என்பதால் தினமும் அவர் போனார், தினமும் வந்தார், இடைப்பட்ட நேரத்தில் முற்றத்தைத் தாண்டி மற்ற வீடுகளுக்கும் வரத் தொடங்கினார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நாற்காலி காலியாக விடப்பட்டது. சண்முகவடிவு அக்காவின் கணவரும் உப்பளத்து லாரி ஓட்டுநருமான பிச்சையா அண்ணாச்சி, வீட்டில் வாயே திறக்காதவர், சாயங்காலங்களில், வந்தவருக்கு எதிரே உட்கார்ந்து தன் முழங்கால் வலியைப் பற்றியும், லாரியில் தனியாகப் போகும்போது தனக்கு வருகிற பயங்களைப் பற்றியும் பேசினார். அடுப்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்த அக்காவுக்கு, தன் புருசனுக்கு இத்தனை பயங்கள் உண்டு என்பதே அப்போதுதான் தெரிந்தது. வெயில் காலத்தில் வந்தவரின் பக்கத்தில் பால் பாத்திரத்தை வைத்தால் திரியாது. பிள்ளைகள் அவர் முதுகில் சாய்ந்து வீட்டுப்பாடம் எழுதினார்கள். வீட்டை மந்திரித்து ஆசீர்வதிக்க வந்த பங்குச்சாமியார் எதிரே உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு, "ஞாயித்துக்கிழம பூசைக்கு வரலாமே," என்று கண்டிப்பாகச் சொன்னார். நானும் ஒரு மத்தியானம் அவரிடம் பேசினேன். என்ன பேசினேன் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. முழுதும் கேட்டார் என்பதை மட்டும் சொல்லலாம்.

காம்பவுண்டுக்கு வெளியே இருந்து ஒருத்தி மட்டும், அடிபம்பில் தண்ணீர் பிடிக்க வந்த இடத்தில், "புருசன் இல்லாத வீட்டுல ஒரு ஆம்பள வந்து உக்காந்திருக்கது நல்லாவா இருக்கு?" என்று ஆரம்பித்தாள்.

"உக்காந்திருக்கதே புருசன் எடம்தான," என்றாள் சண்முகவடிவு அக்கா. "ஒன் புருசன் ஆளாவே உக்காந்திருக்காவ. என்னத்தைக் கிழிச்சாவ?"

பேச்சு அத்தோடு முடிந்தது.

டெரன்ஸ் வருகிறார் என்று தகவல் வந்தபோது, ஜெசிந்தா முதல்முறையாக என்னிடம் தானாக வந்து பேசினாள். துணிக்கயிற்றின் அந்தப் பக்கமாக நின்று, ஈரச் சேலையைப் பார்த்துக்கொண்டே பேசினாள். துறைமுகத்துப் பக்கம் கப்பல் பழுதுபார்க்கிற ஒரு பட்டறையில் அவருக்கு வேலை கேட்டுவைத்திருக்கிறது, இந்தத் தடவை வீட்டில் தங்கிப் பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறார், வீடு ஒத்துவந்தால் கரையிலேயே இருந்துவிடுவார், ஒத்துவராவிட்டால் ஏஜென்ட் அடுத்த கப்பலுக்குக் கையெழுத்துக் கேட்கிறான். "வர்ற மாசம் மொதத் திங்கக்கிழமைக்குள்ள சொல்லணுமாம்," என்றாள். "அவுக இருக்கணும்னு எனக்கு ஆசையா இருக்கு. ஆனா அதை அவுககிட்ட எப்படிச் சொல்லுததுன்னு தெரியல." பிறகு, அதிகமாகப் பேசிவிட்டவளைப்போல, காயாத துணிகளையும் சேர்த்து அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

டெரன்ஸ் வந்தார். செருப்பைச் சுவரோரமாக ஜோடி சேர்த்து வைத்தார். நாற்காலிக்குப் போனார். நாற்காலியில் ஆள் இருந்தது.

வீட்டில் வேறு நாற்காலி இல்லை. ஜெசிந்தா இரண்டு டம்ளர் காப்பியோடு வந்து, யாருக்கு முதலில் நீட்டுவது என்று தெரியாமல் நின்றாள். டெரன்ஸ், "அவுகளுக்கே குடு, நான் அப்புறமா," என்று சொல்லிவிட்டுத் தன் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். ரெஜினா மாமி மகனையும் காற்றையும் மாறி மாறிப் பார்த்தார்.

நாங்கள் வேண்டுமென்று எதையும் செய்யவில்லை, ஆனால் எங்களுக்குப் பழகிப்போயிருந்தது. சாயங்காலம் பிச்சையா அண்ணாச்சி வந்து, "தம்பி எப்ப வந்தீய?" என்று டெரன்ஸிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் காற்றுக்கு எதிரே உட்கார்ந்து முழங்காலைப் பற்றி விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். பிள்ளைகள் டெரன்ஸைச் சுற்றிக்கொண்டு ஓடினார்கள், காற்றின் முதுகில் போய்ச் சாய்ந்தார்கள். வந்த சில நாளில் டெரன்ஸ் தன் பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளாமல் வாசல் பக்கமாக நகர்த்தி வைத்திருந்ததை என் ஜன்னலிலிருந்து பார்த்தேன். ஜெசிந்தாவும் பார்த்திருக்க வேண்டும். அன்றைக்கு அவள் வீட்டுச் சோறு அடிப்பிடித்த வாசனை முற்றம் முழுக்க நின்றது.

அடுத்த நாள் எல்லாரும் ஓய்ந்திருந்த மத்தியானத்தில் டெரன்ஸ் எழுந்து, நாற்காலியில் இருந்த வந்தவரின் பக்கத்தில் போய்க் குனிந்தார். இரண்டு கைகளாலும் அந்தக் காற்றை, கண் தெரியாதவர் முகத்தைத் தடவிப் பார்ப்பதைப்போலத் தடவிப் பார்த்தார். தோள்கள் ஒடுங்கியிருந்தன. முழங்கால்கள் ஒட்டியிருந்தன. இருக்கையில் முக்கால்வாசி காலியாகக் கிடந்தது. அந்த நுனியில், எழுந்து போகத் தயாராக, அது உட்கார்ந்திருந்தது.

"நான் இப்படியா உக்காருதேன்?"

"ஆமா," என்றாள் ஜெசிந்தா சமையலறை வாசலிலிருந்து.

"எப்பவுமா?"

"கல்யாணத்தன்னைக்கு மட்டும் கொஞ்சம் சாஞ்சு உக்காந்தீங்க. மாலை கழுத்தை இழுத்துச்சு."

அப்போது டெரன்ஸ் சிரித்ததை, அந்த வீட்டிலிருந்து அப்படி ஒரு சிரிப்பு வந்து நாங்கள் கேட்டதில்லை என்பதால், காம்பவுண்டே கேட்டது. பிறகு அவர் லின்னைக் கூப்பிட்டார். எதிர்முனையில் வாணலியின் சத்தத்துக்கு நடுவே லின் எல்லாவற்றையும் கேட்டார். கதவு மூடப்படவில்லை என்பதைக் கேட்டதும் வாணலியை இறக்கி வைத்துவிட்டுப் பேசினார்.

"மூடணுமாம்," என்றார் டெரன்ஸ், போனை வைத்துவிட்டு. "இப்பவும் மூடலாமாம். வீட்டு ஆள் மூடணும்."

ஜெசிந்தா கதவருகே போனாள். தாழ்ப்பாளைப் பிடித்தாள். நாற்காலியில் இருந்த குளிர்ச்சி எழுந்து வாசலுக்கு வந்து, அவள் கைகளுக்கு முன்னால், அவள் கணவரின் உயரத்தில், அவர் நெஞ்சின் அகலத்தில் நின்றது. அவள் உள்ளங்கைகளைத் தூக்கினாள். பிறகு இறக்கிவிட்டாள்.

"என்னால ஏலாது. இது உங்க அளவு. இதைத் தள்ளி நான் கதவைச் சாத்தி, உங்களையும் சேத்து அனுப்பிட்டேன்னா?"

"ஏலாதுன்னா விடு," என்றார் மாமி உடனே. "அது ஒரு பக்கமா இருந்துட்டுப் போவட்டும்."

டெரன்ஸ் வாசலையும் பெட்டியையும் பார்த்தார். "அப்ப நானே மூடுதேன், எனக்கு உன் பாதியைச் சொல்லிக்குடு," என்றார்.

எஞ்சின் அறையில் கண்ணை மூடிக்கொண்டு திருகாணி முடுக்கத் தெரிந்த மனிதருக்கு, சொந்த வீட்டில் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பது தெரியவில்லை. வீட்டுக்காரப் பாதி வீடு தெரிந்தவருக்குத்தான் வரும். கதவு திறத்தலில் அவர் மணிக்கட்டைத் திருப்பியபோது கீல் பக்கத்தில் இடித்துக்கொண்டார். இருக்கை நகர்த்தலில் காலைச் சுழற்றியபோது, சமையலறைப் படியோரம் அமுங்குகிற தரைக்கல் அவரைக் கவிழ்த்தது. கிண்ணம் நீட்டலுக்கு முன்னால் கிண்ணம் அலமாரியின் எந்தத் தட்டில் இருக்கிறது, கருப்பட்டி எந்த டப்பாவில், அடுப்பின் எந்தத் திருகு சிக்கும் என்று எல்லாம் தெரிய வேண்டியிருந்தது. ஜெசிந்தா சொல்லிக்கொடுத்தாள். முதலில் 'கையை இப்படி வச்சிக்கிடலாமா' என்று கேட்டவள், பிறகு 'இப்படி வைங்க' என்றாள், பிறகு அவர் முழங்கையைத் தானே பிடித்துத் தூக்கிவிட்டாள். சமையலறையில் டம்ளர்கள் விழுகிற சத்தம் எங்களுக்குக் கோயில் மணியைப்போலப் பழகியது. ஒரு நாள் காலையில் அவர் யாரிடமும் கேட்காமல், கையை மட்டும் நீட்டி, மேல்தட்டின் மூலையிலிருந்து ஏலக்காய் டப்பாவை எடுத்ததை ஜெசிந்தா கதவோரமாக நின்று பார்த்துவிட்டு, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

ஏஜென்டின் திங்கட்கிழமைக்கு முந்தின ஞாயிறு, பூசை முடிந்து எல்லாரும் வீடு திரும்பிய பிறகு, டெரன்ஸ் வந்தவரை அனுப்புவதாக முடிவானது.

காம்பவுண்டில் இதை ஒருவரும் விரும்பவில்லை. பிச்சையா அண்ணாச்சி கையைப் பிசைந்துகொண்டு, "தம்பி, எங்க வீட்டுலயாவது இருக்கட்டுமே, நான் வச்சுப் பாத்துக்கிடுதேன்," என்றார்.

டெரன்ஸ் முதல்முறையாக அவரை நேராகப் பார்த்துப் பேசினார். "அண்ணாச்சி, அது எங்கேயும் இருக்காது. போறதுக்குன்னே உக்காந்திருக்கு. நான் அப்படித்தான உக்காந்திருந்தேன்."

அண்ணாச்சி தலையைக் குனிந்துகொண்டார். சண்முகவடிவு அக்கா அவர் பக்கத்தில் வந்து நின்று, யாருக்கும் கேட்காத குரலில், ஆனால் எனக்குக் கேட்டது, "என்கிட்ட சொன்னா நான் கேக்க மாட்டேனா?" என்றாள்.

ஜெசிந்தா வெளியே வந்து ஒரே ஒரு வார்த்தையைக் கேட்டுக்கொண்டாள். கூட்டத்தைப் பார்த்துப் பேசிப் பழகாதவள், அடிபம்பைப் பார்த்துப் பேசினாள். "அவுக வெளிய வரும்போது யாரும் போயிட்டு வாங்கன்னு சொல்லிரக் கூடாது. யாரு சொன்னாலும் திரும்பி வந்துருவாக."

இவ்வளவுதானே என்று நினைத்தோம். அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அப்போது தெரியவில்லை.

ரெஜினா மாமி மட்டும் உள்ளே இருக்கச் சம்மதிக்கவில்லை. "உள்ள இருந்துக்கிட்டு அந்தக் கதவு சாத்துததைப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல," என்று ஜெபமாலையோடு வந்து முற்றத்துப் படியில் எங்களோடு உட்கார்ந்துகொண்டார்.

திறந்த வாசல் வழியாக எல்லாம் தெரிந்தது. டெரன்ஸ் விரல்களால் தரையைக் கவ்வி நின்று மணிக்கட்டுகளைத் திருப்பினார். காற்று அவரை நோக்கி வந்தது, வழுக்கி, அவர் ஓரமாகப் போனது. அவர் அதன் கையை வாங்கி இடுப்புக்குக் கீழே விட்டார். குதிகாலுக்குப் பின்னால் காலைக் கொடுத்து அலுங்காமல் உட்காரவைத்தார். பிரம்பு அமுங்கியது. அடுப்படிக்குப் போய்த் தானே கருப்பட்டிக் காப்பி போட்டு, தானே ஆற்றி, நீட்டினார். டம்ளர் தயங்கியது. அந்தத் தயக்கத்தை அவரைவிட நன்றாக அறிந்தவர் யார்? அவர் கையை எடுக்காமல் அப்படியே நீட்டிக்கொண்டு நின்றார், கடைசியில் டம்ளர் அவர் கையிலிருந்து போய், மெல்லச் சாய்ந்து, காலியாகித் திரும்பி வந்தது. அதற்கு முன் ஒருநாளும் அது குடித்ததில்லை.

பிறகு அவர் அதை வாசல்வரை கூட்டிவந்தார். ஜெசிந்தா பின்னால், அவர் முதுகில் கை வைத்து நின்றாள். அவர் இரண்டு உள்ளங்கைகளையும் தன் உயரத்தில், தன் நெஞ்சின் அகலத்தில் இருந்த அதன்மேல் வைத்தார். அவர் உதடுகள் அசைந்தன, என்ன சொன்னார் என்று யாருக்கும் கேட்கவில்லை. தள்ளினார். கதவு மூடியது. தாழ்ப்பாள் விழுந்தது.

குளிர்ச்சி முற்றத்தில் இறங்கியது. காயப்போட்டிருந்த சேலைகள் ஒவ்வொன்றாக ஒதுங்கி வழிவிட, அது எங்கள் நடுவே நடந்துவந்தது, டீசலும் இஞ்சியும் மணக்க, ஒவ்வொருவர் முன்னாலும் கொஞ்சம் நின்று, எங்கள் வாயைப் பார்த்தது. பிறந்ததிலிருந்து வாசலைத் தாண்டுகிற ஒவ்வொருவருக்கும் சொல்லி வந்த அந்த இரண்டு வார்த்தைகள் எங்கள் நாக்கின் நுனிக்குத் தானாகவே வந்துவிட்டன. சண்முகவடிவு அக்கா முந்தானையைக் கடித்துக்கொண்டாள். பிச்சையா அண்ணாச்சி எழுந்து, தோள் துண்டை இறக்கி அதை உருட்டி வாயில் அடைத்துக்கொண்டார், அவர் கன்னங்களில் தண்ணீர் ஓடியது. பிள்ளைகளின் வாயைத் தாய்மார்கள் பொத்தினார்கள். அது என் முன்னாலும் நின்றது. நான் அதிகம் பேசாதவள் என்று எல்லாருக்கும் தெரியும், பேசாமல் இருப்பது அவ்வளவு கஷ்டமாக எனக்கு அதுவரை இருந்ததில்லை. ரெஜினா மாமியின் முன்னால்தான் அது அதிக நேரம் நின்றது. மகனின் தோள் அளவுள்ள அந்தக் காற்றை அவர் அண்ணாந்து பார்த்தார், உதடுகள் பிரிந்தன, நாங்கள் எல்லாரும் அவரையே பார்த்தோம். அவர் கையைத் தூக்கி அதன் நெற்றி இருக்கும் உயரத்தில் ஒரு சிலுவை போட்டார். ஒன்றும் சொல்லவில்லை.

அது வெளிவாசலைத் தாண்டியது. தெருவில் கிடந்த காகிதம் ஒன்று கடல் பக்கமாகக் கொஞ்ச தூரம் போய் நின்றது. வெயில் முற்றத்துக்குத் திரும்பி வந்து, அன்றைக்கு நல்ல வெயில் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

யாரும் கலைந்து போகவில்லை. மூடிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே நாற்காலியை இழுக்கிற சத்தம் கேட்டது. திரும்பவும் இழுக்கிற சத்தம். பிறகு ஜெசிந்தாவின் குரல்.

"அங்க எதுக்குப் போடுதீய? நான் நடக்க வேண்டாமா?"

"இங்கதான் காத்து வருது."

"காத்து வந்தா? நான் சோத்துப்பானையத் தூக்கிக்கிட்டு உங்க மடியில விழணுமா?"

"நாளைக்குப் பட்டறைக்குப் போயிட்டு அலுத்து வாரவனுக்குக் காத்துல உக்கார ஒரு எடம் கெடையாதா இந்த வீட்டுல?"

"வேலைக்குப் போறவுக நீங்க ஒராளுதான் பாருங்க ஊருல! அந்தப் பெட்டியை மொதல்ல எடுங்க வாசல்லருந்து, எத்தனை நாளா தட்டித் தட்டி என் கால் வெரலு போச்சு!"

"எடுக்க மாட்டேன், என்ன செய்வ?"

ஒரு பாத்திரம் உருண்டது. அந்த வீட்டிலிருந்து இப்படி ஒரு குரலை, அதுவும் இரண்டு குரலை, நாங்கள் கேட்டதே இல்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்காமல், உரக்கப் பேசிக்கொண்டே போனார்கள்.

மூடிய கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த ரெஜினா மாமி ஜெபமாலையைச் சுருட்டி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டார். கால்களை நீட்டிக்கொண்டார்.

"ஏட்டி வடிவு," என்றார், "எனக்கு ஒரு காப்பி போட்டுக் கொண்டா. இது இப்ப முடியாது."